எங்க ஊருக்கு ரயில் வருது

சேத்தியாத்தோப்பில் எல்லா வசதியும் உண்டு. வெள்ளாற்றில் அணைக்கட்டு இருக்கிறது, கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது, நாலு திசைக்கும் பஸ் பிரிகிற குறுக்கு ரோடு இருக்கிறது. 2004 முதல் வீராணம் ஏரித் தண்ணீர் எங்கள் ஊர் வழியாகக் குழாயில் கிளம்பி, 200 கிலோமீட்டருக்கு மேல் அலுங்காமல் பயணம் செய்து சென்னை போய்ச் சேருகிறது. தண்ணீருக்கு வாய்த்த யோகம் எங்களுக்கு இல்லை. ரயில் ஏறுவதென்றால் விருத்தாசலத்துக்கோ சிதம்பரத்துக்கோ பஸ் பிடிக்க வேண்டும். அரசாங்கம் போடாவிட்டால் என்ன, நாமே தண்டவாளம் போட்டுக்கொள்வோம் என்று இறங்கிவிட்டேன். அசல் அளவில் 150-இல் ஒரு பங்கு.

முதலில் ஊர்ப்பாசத்தில் விருத்தாசலம் ஜங்ஷனைத்தான் வரைய உட்கார்ந்தேன். விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என்று நாலு பக்கம் லைன் பிரியும் ஸ்டேஷன். வரைபடத்தில் ஜோராக இருந்தது, கணக்கில்தான் இடித்தது. ஒரு பெட்டி கிட்டத்தட்ட 24 மீட்டர். 24 பெட்டி எக்ஸ்பிரஸ் என்றால் 576 மீட்டர். 150-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை அடி வருகிறது. என் அறை பத்துக்குப் பத்து. எஞ்சின் ஜன்னலோரம் நின்றால் கார்டு சமையலறையில் நின்றுதான் பச்சைக்கொடி காட்ட வேண்டும். வளைவு இன்னும் மோசம். நம் அகலப்பாதையில் அனுமதிக்கப்பட்ட மிகக் கடுமையான வளைவே 175 மீட்டர் ஆரம் கொண்டது. அதைச் சுருக்கி ரயிலைத் திருப்பிக் கொண்டுவர ஏழரை அடிக்கு மேல் அகலம் வேண்டும். அப்புறம் அந்த அறையில் ரயில் இருக்கும், நான் இருக்க முடியாது.

ஆகவே ஜப்பானுக்குப் போனேன், பேப்பரில். அங்கே வீடுகளில் இடம் குறைவு. அதனால் ரயிலையும் சிறிதாக்கிவிட்டார்கள். 1965-இல் கேட்டோ நிறுவனம் 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும் ‘என்’ (N) கேஜ் எஞ்சினைக் கொண்டுவந்தது. இன்று அந்த நாட்டில் மாடல் ரயில் என்றால் பெரும்பாலும் இதுதான். நான் தேர்ந்தெடுத்தது எனோடென் பாதை. ஃபுஜிசவாவிலிருந்து கமகுரா வரை மொத்தமே 10 கிலோமீட்டர், 15 ஸ்டேஷன், ஒற்றை லைன். 1902-இல் ஓடத் தொடங்கி, 1910-இல் கமகுராவை எட்டியது. வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டு போகும். ஓரிடத்தில் நடுரோட்டிலேயே கார்களோடு வரிசையில் போகும். நம் டவுன் பஸ்ஸின் குணம் அப்படியே இருந்ததால் உடனே ஒட்டிக்கொண்டது.

அதில் ஹாசே என்ற ஸ்டேஷன். எதிரெதிரே இரண்டு பிளாட்பாரம், நடுவே இரண்டு லைன், வண்டிகள் கிராசிங் ஆகும் இடம். நாலு பெட்டி வண்டி 50 மீட்டர்தான். மாடலில் ஓரடிக்குக் கொஞ்சம் கூட. ஆறடிக்கு இரண்டரை அடி பிளைவுட்டில் கச்சிதமாக அடங்கும். பலகை வெட்ட வந்த ஆசாரி, "அயன் பண்ற டேபிளா சார்?" என்றார். ஜப்பான் ரயில்வே ஸ்டேஷன் என்றேன். கூலியைக் கொஞ்சம் ஏற்றிச் சொன்னார்.

பிளான் போடும் வேலையில் பாதி, எதை வெட்டுவது என்று தவிப்பதுதான். ஹாசேயைத் தாண்டி கொகுராகுஜிக்குப் போகும் வழியில் 1907-இல் கட்டிய சுரங்கம், சுமார் 200 மீட்டர். கணக்குப்படி அதுவே கிட்டத்தட்ட நாலரை அடி. அவ்வளவு நேரம் ரயில் கண்ணில் படாமல் இருப்பதற்கா காசு செலவழிப்பது? ஓரடியில் முடித்தேன். இன்னொன்று, எனோடெனில் 28 மீட்டர் ஆர வளைவு ஒன்று உண்டு. மாடலில் அது 19 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஒரு முறத்தின் அகலத்தில் வண்டி திரும்பிவிடும். ஆனால் அது எனோஷிமா பக்கம் இருக்கிறது, ஹாசேயில் இல்லை. தூக்கிக்கொண்டு வந்து பலகையின் இரு முனையிலும் வைத்துவிட்டேன். நிலம் கையகப்படுத்தும் சிக்கலே இல்லாமல் நடந்த ரயில்வே பணி இது ஒன்றுதான்.

பிளானைச் சித்தப்பாவிடம் காட்டினேன். ரிட்டையர்டு ஸ்டேஷன் மாஸ்டர். மீட்டர் கேஜ் காலத்தில் சேர்ந்து, அகலப்பாதை வந்த பிறகு ஓய்வு பெற்றவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்கேலைக் கேட்டார்.

"அங்க அசல் கேஜ் எவ்வளவு?"

"1,067 மில்லிமீட்டர், சித்தப்பா."

"உன்னுது ஒன்பது. நூத்தம்பதால பெருக்கு. 1,350 வருது. ஏண்டா, ஜப்பான்காரனுக்கே கேஜ் கன்வர்ஷன் பண்ணிட்டியா?"

ஜப்பானின் ‘என்’ கேஜ் பிரியர்கள் கண்டும் காணாமல் விடும் விஷயம் இது. அவர் விடவில்லை. சரியான தண்டவாளம் 7 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும் என்றார். பிறகு, கூட்ஸ் வண்டியை எங்கே ஒதுக்குவாய், அவுட்டர் எங்கே, கரண்ட் போனால் யார் பொறுப்பு என்று இன்ஸ்பெக்‌ஷன் தொடர்ந்தது. கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் இருந்தது. மாடல் ரயிலுக்கு 12 வோல்ட் டி.சி. போதும், பைக் பேட்டரியும் 12 வோல்ட்தான். எங்கள் ஊரில் கரண்ட் போனாலும் ஜப்பானில் ரயில் நிற்காது.

வீட்டில் அனுமதி வேறு வழியாக வந்தது. தமிழ்நாட்டில் மாடல் ரயில்வே கொலுப் படிக்குக் கீழேதான் பிறந்தது. கடுகு முளைக்க வைத்துப் பார்க், அதைச் சுற்றிச் சாவி கொடுத்த ரயில், பக்கத்தில் ஸ்டேஷனைவிட உயரமான செட்டியாரும் அவர் மனைவியும். அளவு பிசகுகிறது என்று யாரும் கேட்டதில்லை. அந்த மரபில் வந்த என் மனைவி, "ஏங்க, இதுல சாமி இல்லையே?" என்று விருத்தாசலம் பீங்கான் பிள்ளையார் ஒன்றைக் கொண்டுவந்து பிளைவுட்டில் வைத்தாள். 11 மில்லிமீட்டர் பயணிகளுக்கு நடுவே 7.5 சென்டிமீட்டர் பிள்ளையார்! எடு என்று சொல்லும் முன் பெருக்கிப் பார்த்தேன். அசலில் 11.25 மீட்டர். ஹாசேயில் இறங்கி மக்கள் பார்க்கப் போகிற கமகுரா வெண்கலப் புத்தர், 13-ஆம் நூற்றாண்டுச் சிலை, பீடம் நீங்கலாக ஏறக்குறைய 11.3 மீட்டர். ஐந்து சென்டிமீட்டர்தான் வித்தியாசம். போதாததற்கு, அதே கமகுராவில் ஹோகாய்ஜி கோயிலில் காங்கிதென் என்ற பெயரில் யானைமுகக் கடவுள் ஏற்கெனவே குடியிருக்கிறார். விசா பிரச்சினையும் தீர்ந்தது. எங்கள் பிளானில் அளவு துல்லியமாக அமைந்த ஒரே பொருள், விருத்தாசலம் சூளையில் வெந்த அந்தப் பிள்ளையார்தான்.

உங்களுக்கும் இந்த ஆசை வந்தால் ஒன்று சொல்கிறேன். முதலில் ரயிலை வாங்காதீர்கள், கிராஃப் பேப்பர் வாங்குங்கள். பெரிய ஜங்ஷனை ரயில்வேக்கே விட்டுவிட்டு, இரண்டு லைன் உள்ள சின்ன ஸ்டேஷனாகப் பாருங்கள். வீட்டம்மா கொண்டுவந்து வைக்கும் பொம்மையை மட்டும், 150-ஆல் பெருக்கிப் பார்க்காமல் எடுத்துவிடாதீர்கள்.