நான்காவது ஷிஃப்ட்

ஓசூரில் ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. வாரம் முழுக்க ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், சி ஷிஃப்ட் என்று சுழன்றவனுக்கு அன்று மட்டும் சங்கு ஊதுவதில்லை, டார்கெட் இல்லை, முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும் சூப்பர்வைசர் இல்லை. பதினோரு மணிக்குள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மிக்ஸியைப் பிரித்துப் போட்டுவிடுகிறான். மதியத்துக்குள் மைத்துனரோடு அரசியல் பேசிப் பகையாகிறான். சாயங்காலம் பாகலூர் ரோடு டிராஃபிக்கில் வண்டியோடு போய் நின்றுகொள்கிறான், வரிசையில் நிற்கும் பழக்கமாவது விட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று. ஓய்வு அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? என் கட்சி இதுதான்: ஷிஃப்டுக்குப் பழகிய உடம்புக்கு ஏற்ற பொழுதுபோக்கு, சம்பளமில்லாத இன்னொரு ஷிஃப்ட். அதிலும் விசில் ஊத வேண்டும், உட்கார இடம் ஒதுக்க வேண்டும், கடைசியில் எடைபோட்டு முகத்துக்கு நேரே கணக்குச் சொல்ல வேண்டும். கொஞ்சம் உடம்பு நோகவும் வேண்டும், இல்லாவிட்டால் எதையோ செய்து முடித்த திருப்தி வராது. மார்கழி, தைக் குளிரில், வாடைக்காற்று முகத்தில் அடிக்க, அணைக்கரையில் நடத்தும் தூண்டில் போட்டியில் இவ்வளவும் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அணை, ஏரி, குளிர், காற்று, தொழிலாளி எல்லாம் தயார். போட்டி ஒன்றுதான் பாக்கி.

இது என் மூளையில் உதித்த சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு, கத்தியும் கத்தரிக்கோலும் எஃகும் செய்து பிழைத்த ஊர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அந்த ஊர்ப் பட்டறைத் தொழிலாளர்கள் தெருமுனை மதுக்கடைகளிலேயே தூண்டில் சங்கம் வைத்தார்கள். விடுமுறை கிடைத்தால் கூட்டமாக ரயிலேறி லிங்கன்ஷையரில் வித்தம் ஆற்றங்கரையில் வரிசையாக உட்கார்ந்து போட்டி போட்டார்கள். பர்மிங்காம், லீட்ஸ் என்று புகைக்கூண்டு முளைத்த ஊர்களிலெல்லாம் இந்தப் பைத்தியம் பரவியது. 1906இல் தேசியப் போட்டி வந்தது, 1957இல் உலகப் போட்டியே வந்துவிட்டது. இதில் மீனையும் கவனிக்க வேண்டும். சால்மன், டிரவுட் இரண்டும் அங்கே பிரபுக்களின் மீன். அவை ஓடும் ஆற்றுத் துண்டே பெரும்பாலும் ஏதாவது ஒரு பிரபுவின் சொத்தாக இருக்கும். ரோச், பிரீம், கெண்டை என்று சேற்றைக் கிளறிப் பிழைக்கிற மற்றதெல்லாம் தொழிலாளிக்கு. வெள்ளைக்காரன் இந்த வர்க்கபேதத்தையும் மூட்டை கட்டி நம்மூருக்குக் கொண்டுவந்தான். நீலகிரியில் அவலாஞ்சியில் 1907இல் டிரவுட் குஞ்சுப் பண்ணை தொடங்கினார்கள். துரைமீன் ஊட்டிக்குப் போயிற்று. காவிரி மகசீர் அதைவிடப் பெரிய ஜமீன். 1946இல் கபினியில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு. அதில் திமிலுள்ள இனம் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது, நம் மாவட்டத்துக் காவிரிக் கரையும் சரணாலயமாகிவிட்டது, ஆகவே அதையும் தொடக்கூடாது, சரிதான். மிச்சம் நம் பங்குக்கு வந்தவை கிருஷ்ணகிரி அணையின் கட்லா, ரோகு, மிர்கால், ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டு 1952இல் இந்தியாவுக்கு வந்து ரேஷன் கார்டு வாங்காத குறையாகக் குடியேறிவிட்ட ஜிலேபி. ஷெஃபீல்டு தொழிலாளிக்கு வாய்த்த அதே வகையறா. தளியைக் குட்டி இங்கிலாந்து என்று சொல்லிச் சொல்லியே ரோஜாத் தோட்டம் வரை வந்துவிட்டோம். இங்கிலாந்தின் தொழிலாளி செய்ததை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்?

போட்டி நடக்கிற விதத்தைப் பார்த்தால் யாரோ உற்பத்திப் பிரிவு மேலாளர் ஓய்வுபெற்றபின் எழுதிய விதிகளோ என்று சந்தேகம் வரும். காலையில் சீட்டுக் குலுக்கல். கரையில் எண் போட்டு முளையடித்திருப்பார்கள். யாருக்கு எந்த எண் வருகிறதோ அங்கேதான் உட்கார வேண்டும், பக்கத்து முளையில் மீன் துள்ளுகிறது என்று நகர முடியாது. விசில் ஊதினால் தூண்டில் போடலாம். வழக்கமாக ஐந்து மணி நேரம். பிடித்ததெல்லாம் தண்ணீருக்குள் தொங்கும் நீளமான வலைப்பையில் உயிரோடு இருக்கும். முடிவு விசிலுக்குப் பிறகு தராசுக்காரர் ஒவ்வொருவரிடமும் வந்து எடைபோட்டு எழுதிக்கொள்வார், பிறகு மீன் தண்ணீருக்குப் போய்விடும். குளிர்காலத்தில் இந்த எடை கிலோவில் வராது. இங்கிலாந்தில் அவுன்ஸுக்குக் கீழே டிராம் வரை போவார்கள், ஒரு டிராம் என்றால் 2 கிராமுக்கும் குறைவு. விரல் நீள மீன் ஒன்றைப் பிடித்தவர் கோப்பை வாங்க, பக்கத்து முளைக்காரர் ஒன்றுமில்லாமல் வீட்டுக்குப் போவது அங்கே சாதாரணம். கருவியைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். குளிரில் மந்தமான மீனுக்கு 22ஆம் எண் முள் கட்டுகிறார்கள், எண் கூடக்கூட முள் சிறுக்கும். இது கிட்டத்தட்ட அரிசி அளவு. தூண்டில் நரம்பின் தடிமன் 0.08 மில்லிமீட்டர், அதாவது 80 மைக்ரான். இங்கிலாந்தில் இதைச் சொன்னால் வாய்பிளப்பார்கள். சிப்காட்டில் எந்த டூல்ரூமிலும் 80 மைக்ரானை இவ்வளவு பெரிய தப்பா என்று கேட்டு ரிஜெக்ட் செய்துவிடுவார்கள். கைக்கடிகாரமும் வண்டி கியரும் செய்கிற ஊருக்கு முள் கட்டுவது ஒரு வேலையா? உத்தனப்பள்ளிப் பக்கம் செல்போன் பாகம் பூட்டும் பெண்பிள்ளைகள் களத்தில் இறங்கினால் ஆண்கள் அணி தராசு வரை வரத் தேவையே இருக்காது என்பது என் கணிப்பு.

குளிர் என்று ஒன்று ஓசூரில் இருக்கிறதா என்று வடக்கே போய்வந்தவர்கள் கேட்பார்கள். மார்கழி விடியலில் 13, 14 டிகிரிக்கு இறங்கினால் இங்கே குரங்குக் குல்லாயும் மப்ளரும் வெளியே வந்துவிடும். ஷெஃபீல்டுக்காரன் அதைப் பார்த்துச் சட்டையைக் கழற்றுவான். ஆனால் குளிரைத் தீர்மானிக்க வேண்டியது மனிதனல்ல, மீன். மீனுக்குத் தனி உடற்சூடு கிடையாது, தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. தண்ணீர் ஆறினால் உடம்பு மெதுவாகும், செரிமானம் மெதுவாகும், பசி அடங்கும். இங்கிலாந்து ரோச் 5 டிகிரி தண்ணீரிலும் ஒரு கை பார்க்கும். நம் கட்லாவும் ரோகுவும் கங்கைச் சமவெளியின் வெயில்காலப் பிள்ளைகள். தண்ணீர் 20 டிகிரியை நெருங்கினாலே சாப்பாட்டில் அக்கறை குறைந்துவிடும். ஜிலேபியோ இன்னும் கொஞ்சம் இறங்கினால் வாயே திறக்காது. ஆக, 18 டிகிரியில் மப்ளர் கட்டிக்கொண்டு டீக்கடை பெஞ்சை விட்டு எழாத ஓசூர்க்காரனும், அதே சமயத்தில் அணையின் அடியில் அசையாமல் கிடக்கும் ரோகுவும் ஒரே கருத்துடையவர்கள். உயிரியல் கணக்குப்படி இது முழுமையான குளிர்காலப் போட்டி. தக்கையில் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும்படி ஈயம் கோத்து, அந்த நுனி ஓர் இழை அமிழ்ந்ததா, அலையா என்று மணிக்கணக்கில் உற்றுப் பார்ப்பது, அழுத்தமானியின் முள்ளை ஷிஃப்ட் முழுக்கப் பார்த்துப் பழகியவனுக்கு மட்டுமே சாத்தியம்.

காற்று தனி விஷயம். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பதால் அந்த மாதத்தை விட்டுவிடுவோம். தூண்டில்காரரின் மண்டைக்கும் பாதுகாப்பு வேண்டும். வாடைக்காற்று அவ்வளவு முரடு இல்லை, ஆனால் குறும்பு அதிகம். அது மேல்நீரை ஒரு கரைக்குத் தள்ளுகிறது. அங்கே சேர்ந்த நீர் சும்மா இருக்க முடியாமல் அடியில் எதிர்த்திசையில் திரும்புகிறது. அதனால் தக்கை தென்மேற்கே போக, அதில் தொங்கும் இரை வடகிழக்கே இழுக்கும். அடியில் கிடக்கும் மீனுக்கு, தன் உணவு எந்த நியாயமுமில்லாமல் ஓடுவது தெரிந்துவிடும். இதற்காகத்தான் கோல் நுனியைத் தண்ணீருக்குள் அமுக்கி, நரம்பை மேற்பரப்புக்குக் கீழே மூழ்கடிக்கிறார்கள். மேலே ஒரு திசை, கீழே நேர் எதிர்த்திசை, நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டுக்கும் பதில் சொல்வது என்பதில் நம் லைன் லீடர்களுக்குப் புதிதாகப் பயிற்சி கொடுக்கத் தேவையில்லை. தவிர, காற்று யார் முகத்தில் அடிக்க வேண்டும் என்பதைச் சீட்டுதான் முடிவு செய்கிறது. இன்கிரிமென்ட் விஷயத்தில்கூட இந்த அளவு வெளிப்படையான நடைமுறை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இனி ஆட்சேபங்கள். முதலாவது, மிகப் பலமானது: பிடித்த மீனைத் திரும்ப விடுவதா? கிருஷ்ணகிரி அணைக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் அணையைப் பார்ப்பதற்கு முன்பே வாசலில் எண்ணெய்ச் சட்டியில் பொரிந்துகொண்டிருக்கும் மீனைப் பார்த்துவிடுகிறார்கள். மிளகாய்த்தூள் தடவி வரிசையாக அடுக்கிய துண்டுகளைத் தாண்டி நடந்து போய், ஐந்து மணி நேரம் குளிரில் உட்கார்ந்து, கிடைத்ததை எடைபோட்டுத் தண்ணீரில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிறவனைப் பார்த்து மாமியார் என்ன சொல்வார் என்பது ஊகிக்கக் கூடியதே. அவர் தனியாள் இல்லை, ஜெர்மன் சட்டமும் அவர் பக்கம். தக்க காரணமில்லாமல் பிராணிக்கு வலி கொடுக்கக் கூடாது என்கிறது அங்குள்ள விலங்கு நலச் சட்டம். சாப்பிடுவது காரணம், எடைபோட்டுக் கோப்பை வாங்குவது காரணமாகாது என்று அங்கே போட்டிகளுக்கே வழக்கு வந்து சிக்கலாயிற்று. சுவிட்சர்லாந்தோ விட்டுவிடும் எண்ணத்தோடு மீன் பிடிப்பதையே தடுத்துவிட்டது. காவேரிப்பட்டினத்து மாமியாரும் பெர்லின் நீதிபதியும் ஒரே தீர்ப்பு எழுதும்போது அதை மதிக்காமல் இருக்க முடியாது. எனவே என் திட்டத்தில் ஒரு திருத்தம் சேர்த்துவிட்டேன்: குஞ்சுகளும் முட்டைவயிற்று மீனும் தண்ணீருக்கு, மற்றவை எடைக்குப் பிறகு குழம்புக்கு. அணை மீன்மீது மீன்வளத் துறைக்கும் உரிமம் பெற்ற மீனவர்களுக்கும் உள்ள பாத்தியதைக்கு உரிய கட்டணத்தைக் கட்டிவிட வேண்டும். குளிர்காலத்தில் கிடைக்கப்போகிற எடையை நினைத்தால் அந்தக் கட்டணத்துக்கு யாரும் கடன் வாங்க வேண்டியிருக்காது.

இரண்டாவது ஆட்சேபம் வேதியியல் படித்தவர்களுடையது. தென்பெண்ணைத் தண்ணீரில் தூண்டிலா? பெங்களூரின் சாக்கடையும் ஆலைக்கழிவும் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக வழிந்து ஆற்றில் சேர்ந்து, மழை பெய்தால் கெலவரப்பள்ளி அணைக்கு வெளியே மலைமலையாக நுரை பொங்குவதை ஊரே பார்த்திருக்கிறது. வெண்பனியில் உட்கார்ந்து மீன் பிடிக்கும் ஐரோப்பியக் காட்சி நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது என்று ஒருவர் வாதாடலாம், நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். குளிர்காலப் போட்டிகளில் மிகச் சக்தி வாய்ந்த இரை என்று பெயரெடுத்தது ஒரு சிவப்புப் புழு, ஒருவகைக் கொசு போன்ற பூச்சியின் குஞ்சு. உடம்பில் ஹீமோகுளோபின் இருப்பதால் காற்றில்லாத அழுக்குச் சேற்றிலும் அது செழிப்பாக வாழும். இங்கிலாந்தில் லங்காஷயர்காரர்கள் நாறும் குட்டைகளில் இறங்கி அந்தப் புழுவைச் சுரண்டி எடுத்தார்கள். இதை வைத்தால் மீன் மறுப்பதில்லை, நியாயமில்லை என்று பல போட்டிகளில் தடையே செய்தார்கள். மேலே இருக்கிற மாநகரம் நமக்கு இத்தனை ஆண்டுகளாக அனுப்பிவரும் சேற்றில் இந்தப் புழுவுக்கு எல்லா வசதியும் இருக்கிறது. அதில் மீனுக்குத்தான் வசதியில்லை, செத்து மிதந்த செய்திகளும் வந்திருக்கின்றன. ஆகவே கெலவரப்பள்ளியில் போட்டியை வைக்கக் கூடாது, அந்த மீனைத் தின்னவும் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பரிசு வாங்கும் ஆசையில் இரண்டாயிரம் தொழிலாளர்கள் தண்ணீரின் ஆக்சிஜன் அளவைக் கேட்கத் தொடங்கினால், இதுவரை எந்த மனுவுக்கும் அசையாத சிலர் கொஞ்சம் நெளிவார்கள் என்ற நப்பாசையும் எனக்கு உண்டு.

வலை இருக்கும்போது தூண்டில் எதற்கு, உற்பத்தித்திறன் என்ன ஆவது என்று கேட்கும் இன்ஜினீயருக்குப் பதில் சொல்லப்போவதில்லை. மாரத்தான் ஓட்டத்துக்குப் பதில் பஸ் பிடிக்கலாமே என்றும் அவரே கேட்பார். உண்மையான சிக்கல் தேதியில் இருக்கிறது. கார்த்திகையும் மார்கழியும் மாலை போட்டவர்கள் மாதம். லைனில் பாதிப்பேர் கருப்பு வேட்டியில் நிற்க, மகரஜோதி முடியும் வரை மீன் பெயரைக்கூட எடுக்க முடியாது. பொங்கல் முடிந்ததும் மாவட்டம் முழுக்க எருது விடும் விழா தொடங்கிவிடும், காளைக்கு முன்னால் ரோகு எடுபடாது. மார்ச்சில் சந்திரசூடேஸ்வரர் தேர், அதற்குள் வெயில் வந்துவிடும், குளிர்காலப் போட்டி என்றால் சிரிப்பார்கள். கூட்டிக் கழித்தால் ஜனவரி கடைசியில் காளை வராத ஒரு ஞாயிறு தேறும். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி அணை 50 கிலோமீட்டருக்கும் மேல். ஷெஃபீல்டுக்காரனுக்கு ரயில் இருந்தது, நமக்கு விடியற்காலையிலேயே மூலைக்கு மூலை நிற்கும் கம்பெனி பஸ் இருக்கிறது. ஞாயிறு அன்று அதை அனுப்பச் சொன்னால் ஹெச்.ஆர். கேட்கப்போகும் முதல் கேள்வியும் தெரிந்ததுதான்: இதற்கு ஓ.டி. போட வேண்டுமா?