நாய்க்குக் கூலி யாருல கொடுக்கா?

ஏலே பேராண்டி, உன் கார் டிக்கியில என்னல அம்புட்டு சாமான்? நாலு தினுசு கழுத்துப்பட்டை, விசிலு, டிக்குன்னு சத்தம் போடுத டப்பா, ரிமோட்டை அமுக்குனா கரண்டு அடிக்கிற பட்டை ஒண்ணு. ஒத்த லாப்ரடாரை வளக்கவா இத்தனையும்? இத்தனை இருந்தும் அது உன் பேச்சைக் கேக்கலைன்னு மூக்கால அழுத.

கேக்காம என்ன? நல்லாத்தான் கேக்குது. நீ எதுக்குக் கூலி கொடுக்கியோ அந்த வேலையைச் செய்யுது.

காலையில என்ன நடந்துச்சு? ஆச்சி வாசல்ல வந்ததும் நாய் பாஞ்சு அவ சேலையில காலை வச்சுச்சு. நீ ஓடி வந்த. "நோ, நோ, நோ"ன்னு கத்துன. ரெண்டு கையாலயும் பிடிச்சுத் தள்ளுன. உனக்கு அது கண்டிப்பு. நாய்க்கு? எஜமான் மூஞ்சியைப் பாத்தான், தொட்டான், நாலு வார்த்தை பேசுனான். ஒரு தாவலுக்கு மூணு கூலி! கொத்தனாருக்குக் கூட இப்படிக் கிடைக்காதுல.

இனிமே தாவுனா கையைக் கட்டிக்கிட்டு முதுகைக் காட்டு. பேசாத, பாக்காத. நாலு காலும் தரையில பட்டுச்சா? அந்த நொடியே குனிஞ்சு ஒரு துண்டு தீனியைக் கொடு, தடவிக் கொடு. வீட்டுல எல்லாரும் இதையே செய்யணும். உங்க அப்பன் மட்டும் "வாடா செல்லம்"னு மடியில ஏத்துனான்னா தொலைஞ்சுது. பத்துல ஒரு தடவை பலிச்சாலும் நாய் அந்த வித்தையை விடாது. முன்னைவிட இன்னும் கெட்டியாப் பிடிச்சுக்கிடும்.

இதைச் சொன்னா நீ ஆல்ஃபாங்க. கூட்டத்துக்கு நீதான் தலைவனாம். முதல்ல நீ தின்னுட்டுத்தான் நாய்க்கு வைக்கணுமாம், வாசப்படியை முதல்ல நீதான் தாண்டணுமாம். யார்கிட்டல தலைவர் பட்டம் வாங்குத, நாய்கிட்டயா?

உன் அத்தை மவ ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரியில படிக்கால்லா, அவதான் எனக்கு இந்த ஆல்ஃபா வந்த கதையைச் சொன்னா. சுவிட்சர்லாந்துல ஷெங்கெல்னு ஒருத்தர். பாசல் மிருகக்காட்சிசாலையில அடைச்சு வச்ச ஓநாய்களைப் பாத்து 1947ல எழுதுனாராம். ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்கிட்டு மேல வருது, ஜெயிச்சது தலைவன்னு. அடைச்சுப் போட்டா அடிச்சுக்கத்தானல செய்யும்? அமெரிக்காவுல டேவிட் மெக்னு ஒருத்தர் 1970ல அதையே புத்தகமாப் போட்டு ஊரெல்லாம் பரப்புனாரு. அப்புறம் காட்டுக்குள்ள போயி வருசக்கணக்காப் பாத்திருக்காரு. அங்க தலைவனும் இல்ல, தடியும் இல்ல. அப்பன், ஆத்தா, குட்டிக. வெறும் குடும்பம். 1999ல அதைப் பகிரங்கமா எழுதிட்டு, என் பழைய புத்தகத்தை அச்சடிக்கிறதை நிறுத்துங்கன்னு பதிப்பாளரையே கெஞ்சுனாராம். எழுதுன மனுசனே கையைக் கழுவிட்டாரு. நீ இன்னும் நாய்க்கு முந்தி இட்லி தின்னுக்கிட்டு இருக்க.

அடியாத மாடு படியாதும்ப. அடிச்சுப் படிய வச்சவன் பலபேரை எனக்குத் தெரியும். மாடு படிஞ்சுது, அவன் தலை தெரியிற வரைக்கும். நாய் விசயத்துல இன்னொரு வினையும் இருக்கு. உறுமுனதுக்கு அடிச்சேன்னு வையி, அது உறுமுததைத்தான் விடும், பயத்தை விடாது. அடுத்த தடவை முன்னறிவிப்பில்லாமக் கடிக்கும். உறுமுச்சுன்னா தள்ளி நில்லு. எதைக் கண்டு பயப்படுதுன்னு பாரு. அந்தக் கரண்டுப் பட்டையைக் குப்பையில போடு. வேல்ஸ்ல 2010லயே அதுக்குத் தடை போட்டுட்டாங்க.

செருப்பைக் கடிச்சுட்டு குத்தவாளி மூஞ்சியோட நிக்குதுன்னு வேற சொன்ன. அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ்னு நியூயார்க்கு அம்மா ஒருத்தி 2009ல சோதிச்சு எழுதியிருக்கா. பிஸ்கட்டைத் தொடாத நாயைத் திட்டுனாலும் அதே மூஞ்சிதானாம். அது குத்த உணர்ச்சி இல்லல, உன் குரலைக் கேட்ட நடுக்கம். மதியம் கடிச்ச செருப்புக்குச் சாயங்காலம் திட்டுனா அதுக்கு என்ன விளங்கும்? நீ வீட்டுக்கு வந்தாலே வம்புன்னுதான் விளங்கும். செருப்பை உள்ள எடுத்து வை, மெல்லுததுக்கு வேற ஏதாச்சும் கொடு. நல்லா ஓட விடு. பக்கத்தூர்ல ஒருத்தன், முயலை விரட்டிப் பிடிக்கப் பிறந்த சிப்பிப்பாறையை மூணாவது மாடியில அடைச்சு வச்சுட்டு, சோபாவைக் கிழிக்குதுன்னு புலம்புதான். கிழிக்காம, உக்காந்து டிவியா பாக்கும்?

சங்கிலியை இழுக்குதுன்னா? இழுத்தா நீ பின்னாலயே ஓடுத. வேப்பமரம் கிடைக்குது. பின்ன ஏன் இழுக்காது? இழுத்ததும் நட்டுவச்ச கல்லு மாதிரி நின்னுரு. சங்கிலி தொய்ஞ்சாத்தான் அடுத்த எட்டு. தெருமுனைக்குப் போக அரைமணி நேரம் ஆகும். ஆகட்டுமே, உனக்கென்ன நாத்தா நடணும்?

கொரியர்காரனைப் பாத்துக் குரைக்கிறதும் இதே கணக்குத்தான். அவன் பொட்டலத்தைக் கொடுத்துட்டுப் போறான். நாய் தான்தான் விரட்டுனேன்னு நினைக்குது. தினமும் ஜெயிக்கிற சண்டையை யாருல விடுவா? அவன் வந்ததும் உள்ள கூப்பிட்டுப் பாயில உக்கார வச்சு அங்க கூலியைக் கொடு.

அந்த டிக் டப்பாவை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். சரியாச் செஞ்ச நொடியில டிக்கு, உடனே தீனி. எதுக்குக் கூலின்னு அதுக்குத் துல்லியமாத் தெரியும். கேரன் ப்ரையர்னு ஒரு அம்மா ஹவாய்த் தீவுல டால்ஃபினுக்கு விசிலும் மீனும் வச்சுப் பழக்குனவ. அப்புறம் நாய்க்காரங்களுக்கும் அந்த வழியைச் சொல்லிக் கொடுத்தா. டால்ஃபின் கழுத்துல சங்கிலி போட்டு இழுக்க முடியுமா? தண்ணிக்குள்ள போயி முட்டி போட வைக்க முடியுமா? மீனைக் கொடுத்துத்தான் ஆவணும். டப்பா இல்லைன்னாலும் பாதகமில்ல, "சபாசு"ன்னு ஒரே மாதிரிச் சொன்னாப் போதும். ஆனா சொல்லிட்டுக் கொடுக்காம இருந்துராத. கூலி பாக்கி வைக்கிற வீட்டுக்கு யார் வேலைக்கு வருவா?

தீனின்னதும் சாக்லேட்டை எடுத்து நீட்டிராத. அது நாய்க்கு விசம். திராட்சையும் வெங்காயமும் ஆகாது. கோழி ஈரலை வேக வச்சு கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கு. அந்த அளவுக்குச் சாப்பாட்டைக் குறைச்சுக்கோ, இல்லைன்னா உன்னை மாதிரியே தொப்பை போட்டுரும்.

போ, கறிக்கடை அடைச்சிருவான். கால் கிலோ ஈரல் போதும். கூடவே அரைக்கிலோ ஆட்டுக்கறியும் வாங்கிட்டு வா. அது நாய்க்கில்லல. இம்புட்டு நேரம் தொண்டைத் தண்ணி வத்தப் பேசுன எனக்கு யாருல கூலி கொடுப்பா?