பரிசுக்கு மனுப் போடுங்கள்!

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, ஓவியம் படிக்கும் பிள்ளைகளைப் பற்றியவை. பல்கலைக்கழக இடங்கள் அறிவித்த நேரம் அல்லவா! அரசியல் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். அமைச்சர்கள் மன்னிக்கட்டும்.

மகளுக்குப் பினாங்கு யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கிடைத்திருக்கிறது. "டாக்டருக்குப் போடலையா?" என்று உறவுக்காரர்கள் துளைக்கிறார்கள். இந்தப் படிப்பில் பரிசு, விருது ஏதாவது உண்டா? அவர்கள் வாயை அடைக்கலாமே!
*(ஒரு தகப்பனார், புந்தோங்)*

உறவுக்காரர் வாயை அடைக்கும் விருதை இன்னும் எந்த நாடும் நிறுவவில்லை. மற்றபடி பரிசுகள் உண்டு. நாட்டளவில் இரண்டை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, பாலாய் செனி நெகாரா என்கிற தேசியக் கலைக்கூடம் 1974-ல் தொடங்கிய 'பாக்காட் மூடா செசாமான்'. இளம் கலைஞர்களுக்கானது. மற்றொன்று, யுஓபி வங்கியின் 'ஆண்டின் சிறந்த ஓவியம்'. 1982-ல் சிங்கப்பூரில் ஆரம்பித்து, 2011-ல் மலேசியாவுக்கு வந்தது. அதில் பெயரெடுத்த ஓவியர்களுக்குத் தனிப் பிரிவு, புதியவர்களுக்குத் தனிப் பிரிவு. மகள் இரண்டாவது பிரிவில் போடட்டும். இருபது வருடம் வரைந்த கையோடு மோத வேண்டியதில்லை. பெயரெடுத்தவர் பிரிவில் இங்கே முதலிடம் பெறும் படம் தென்கிழக்காசியச் சுற்றுக்கும் போகும்.

அதுவரை யாராவது கேட்டால், "ஆமாம், டாக்டர் பட்டம் வரைக்கும் படிக்கப்போகிறாள்" என்று சொல்லிவையுங்கள். பொய்யும் இல்லை.

'பாக்காட் மூடா' என்று பேரே மலாயில் இருக்கிறது. நம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வார்களா? எப்படி வரைந்தால் பரிசு விழும்?
*(உப்சி பல்கலைக்கழக மாணவர், தஞ்சோங் மாலிம்)*

பேர் மலாயில்தான். வருமான வரி வாரியத்தின் பேரும் மலாய்தான், அங்கே வரி கட்ட மட்டும் நாம் கூச்சப்படுவதில்லையே! மலேசியர் எல்லாரும் போட்டியிடலாம்.

எப்படி வரைவது என்று என்னைக் கேட்கிறீர்கள். உங்கள் உப்சியில் பேராசிரியராக இருந்து நுண்கலை சொல்லிக்கொடுத்தவர் ஸுல்கிஃப்ளி யூசோஃப். கெடாவில் யான் என்ற ஊர்க்காரர். 1980களின் கடைசியில் இதே போட்டியில் முதன்மைப் பரிசு பெற்றவர், வெனிஸ் பியன்னாலே என்ற உலகக் கலைக் கண்காட்சிக்கு 1997-லும் 2019-லும் போனவர். அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் படங்கள் அல்ல, பார்ப்பவர் சுற்றிவந்து பார்க்கும்படி கூடத்தையே நிறைத்த நிறுவல்கள். ஆகவே தத்ரூபமாக வரைந்த எம்ஜிஆர் படத்தை இந்தப் போட்டிக்கு அனுப்பாதீர்கள். எம்ஜிஆர் மேல் எனக்கு வருத்தமில்லை. படம் பார்க்கிற நடுவர், 'இவனுக்குச் சொல்ல என்ன இருக்கிறது' என்றுதான் பார்க்கிறார். கை எவ்வளவு திருத்தம் என்பது அதற்கு அப்புறம்.

2019-ல்தான் மலேசியா வெனிசில் முதன்முதலாகத் தன் பெயரில் அரங்கு வைத்தது. போனவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் ஜொகூர் பாருவில் பிறந்த அனுரேந்திரா ஜெகதேவா, நம் ஆள். சட்டம் படித்தவர், பத்திரிகையிலும் வேலை பார்த்தவர். பத்திரிகைக்காரன் ஒருவன் வெனிஸ் வரை போயிருக்கிறான் என்பதில் எனக்கு ஓர் அற்பச் சந்தோஷம்.

எங்கள் பாட்டி பால்வெட்டியவர். ரப்பர் தோட்டத்தை வரைந்து அனுப்பினால் நடுவர்களுக்குச் சலித்துவிடுமா?
*(மாணவி, சுங்கை சிப்புட்)*

தலையில் விளக்குக் கட்டிய பெண், பனிமூட்டம், வரிசையாக மரங்கள், தூரத்தில் மாரியம்மன் கோபுரம் என்றால் சலிக்கும். காலண்டர்காரர்களே அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

சலிக்காத தோட்டம் வேறு. மங்கு மாட்டிய கம்பியை மரப்பட்டை விழுங்கியிருக்கும், அதைப் பார்த்திருக்கிறீர்களா? லயத்துக் கதவில் கைக்கு வந்தபடி எழுதிய வீட்டு எண், பாட்டியின் தோளில் காண்டாக் கம்பு பதித்த காய்ப்பு, பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்ட புத்தகம். ஒட்டுப்பால் மூட்டையின் நாற்றத்தை வரைய முடியாது என்பீர்கள். வரைய வேண்டாம், மூட்டையையே கொண்டுபோய் வையுங்கள். பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறதா? 1973-ல் நிர்மலா சண்முகலிங்கம் என்ற பினாங்குப் பெண், 'மனிதனும் அவன் உலகமும்' என்ற கண்காட்சிக்குச் சுற்றுச்சூழல் கெடுவதைக் காட்டும் புகைப்படங்களோடு, பொறுக்கிய குப்பையையும் சேர்த்துக் காட்சிக்கு வைத்தார். 'கூற்று 1' என்று அதற்குப் பெயர். கலைக்கூடம் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை, பரிசு கொடுத்தது. ஐம்பது வருடத்துக்கு முன்னால், ஒரு தமிழ்ப் பெயர். இந்த விஷயம் நம் பள்ளிப் பாடப் புத்தகங்களில் வந்திருந்தால் நீங்கள் என்னைக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

இன்னொன்று. பாட்டி வெட்டிய நிரையில் இப்போது செம்பனைதான் நிற்கும். இல்லாத மரத்தை அழகாக வரைவதா, இருக்கிற செம்பனைக்கு நடுவில் பாட்டியை நிறுத்துவதா என்று யோசியுங்கள். கோலகங்சாரில் 1877-ல் நட்ட ரப்பர் மரம் ஒன்று வேலியும் அறிவிப்புப் பலகையுமாக இன்னும் நிற்கிறது. மரத்துக்கு மரியாதை செய்தாகிவிட்டது, பாட்டி பாக்கி.

ஸ்ரீ இஸ்கண்டார் யுஐடிஎம் பல்கலைக்கழகம் எங்களுக்குப் பக்கம். அங்கே கலை வடிவமைப்புப் படிப்பு பேர்போனது என்கிறார்கள். பையனுக்கு விண்ணப்பிக்கலாமா?
*(ஒரு தாயார், பத்து காஜா)*

முடியாது அம்மா. யுஐடிஎம் பூமிபுத்ராக்களுக்கானது. உப்சி, பினாங்கு யுஎஸ்எம், சரவாக் யுனிமாஸ், கோலாலம்பூர் அஸ்வாரா ஆகியவை எல்லாருக்கும் திறந்தவை. தனியாரில் 1967-லிருந்து நடக்கும் எம்ஐஏ கலைக் கல்லூரி இருக்கிறது. பக்கத்தில் இருப்பது கிடைக்காது, கிடைப்பது தூரத்தில் இருக்கிறது. பெண் பார்க்கப் போகும்போது பழகிய சங்கதிதானே.

நுழைவுக் கட்டணம் கேட்காத வெளிநாட்டு உதவித்தொகை ஏதாவது இருக்கிறதா? நான் மனித உருவங்கள்தான் வரைகிறேன். 'இது பழைய பாணி' என்று வகுப்பில் கிண்டல்.
*(மூன்றாம் ஆண்டு மாணவர், தாப்பா)*

தம்பி, உங்களுக்காகவே ஒருவர் கனடாவில் உயில் எழுதி வைத்ததுபோல இருக்கிறது. மொண்ட்ரியாலில் 'எலிசபெத் கிரீன்ஷீல்ட்ஸ் அறக்கட்டளை' என்று ஒன்று. சார்ல்ஸ் கிரீன்ஷீல்ட்ஸ் என்ற வழக்கறிஞர் 1955-ல் அம்மாவின் நினைவாகத் தொடங்கியது. ஓவியம், கோட்டோவியம், அச்சோவியம், சிற்பம் செய்யும் இளம் கலைஞர்களுக்கு, எந்த நாட்டவராக இருந்தாலும் கொடுக்கிறார்கள். முக்கியமான நிபந்தனை: படத்தில் ஆள் ஆளாக, மரம் மரமாகத் தெரிய வேண்டும். அரூப ஓவியம் அனுப்பினால் திருப்பிவிடுவார்கள். உங்களைக் கிண்டல் செய்யும் வகுப்புத் தோழர்கள் இதற்கு மனுவே போட முடியாது! தொகை பதினைந்தாயிரம் கனடா டாலருக்குக் குறையாது. வெள்ளிக் கணக்கில் பெருக்கிப் பாருங்கள். பெருக்கிய பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள்.

நம் பிள்ளைகள் தோற்பது பெரும்பாலும் படத்தில் இல்லை, படத்தைப் பிடித்த படத்தில். எண்ணெய் ஓவியத்தை இரவில் குழல்விளக்கின் கீழ் நிறுத்தி, நடுவில் பளபளவென்று ஒரு வெள்ளைக் கோடு விழக் கைப்பேசியில் பிடித்து அனுப்புகிறார்கள். காலை வெயில் நேரே விழாத ஐந்தடியில் வையுங்கள், நேராக நின்று பிடியுங்கள், ஓரத்தில் தெரியும் அண்ணனின் கால்விரலை வெட்டி எடுங்கள். அடுத்தது, 'உன் படைப்பைப் பற்றி எழுது' என்ற பகுதி. அங்கே 'சிறு வயதிலிருந்தே எனக்கு ஓவியத்தில் ஆர்வம்' என்று எழுதுகிறவர்கள் ஆயிரம் பேர். நீங்கள் யாரை வரைகிறீர்கள், ஏன் அவரை, இந்தப் பணம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் வாக்கியத்தைச் சின்னதாக்குங்கள். விரிவுரையாளர் பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி நாளில் போய்க் கேட்காதீர்கள். அவருக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு.

முந்நூறு வெள்ளி கட்டினால் 'சர்வதேச இளம் ஓவிய மேதை' விருது, கேடயம், சான்றிதழ் எல்லாம் உண்டு என்று தகவல் வந்திருக்கிறது. சேரலாமா?
*(மாணவி, தெலுக் இந்தான்)*

முந்நூறு வெள்ளிக்கு நல்ல எண்ணெய் வர்ணமும் இரண்டு கேன்வாசும் வாங்கலாம். அதில் ஒரு படம் மிஞ்சும், கேடயத்தில் தூசிதான் மிஞ்சும். எல்லாப் போட்டிக் கட்டணமும் மோசடி இல்லை, அனுப்பும் செலவுக்கு வாங்குகிறவர்கள் உண்டு. நடுவர் யார் என்று சொல்லாமல், பணம் கட்டிய எல்லாருக்கும் பரிசு என்றால் அது கடை. நம் சமூகத்தில் 'கலைச்சுடர்', 'கலைச்செம்மல்' பட்டங்களைப் பொன்னாடை விலைக்கே வாங்கிப் பழகியிருக்கிறோம். பல்கலைக்கழகப் பிள்ளைகளாவது அந்த வரிசையில் நிற்க வேண்டாம்.

சென்னையில் ஓவியம் படித்த மலேசியர் யாராவது உண்டா?
*(வாசகர், ஸ்லிம் ரிவர்)*

சையத் தாஜுதீன். ராமநாதபுரத்து அழகன்குளத்தில் பிறந்து, சிறுவனாகப் பினாங்கு வந்தவர். 1967 முதல் 1974 வரை சென்னை அரசு கலைக் கல்லூரியில் படித்தார். 1850-ல் தொடங்கிய கல்லூரி அது. அங்கே இருந்தபோதே அனுமனையும் சீதையையும் பெரிய அளவில் வரைந்தார். தமிழ் முஸ்லிம் ஒருவர் வரைந்த ராமாயணம் நம் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. கோலாலம்பூர் போனால் கேட்டுப் பாருங்கள்.

கார்ட்டூனிஸ்ட் லாட் எந்தக் கல்லூரியில் ஓவியம் படித்தார்?
*(வாசகர், கோப்பெங்)*

பட்டத்துக்கென்று எந்தக் கல்லூரியிலும் இல்லை. வேலைக்குப் போன பிறகு லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப் பள்ளியில் நான்கு மாதம் படித்ததோடு சரி. உங்கள் கோப்பெங் பக்கத்துக் கம்பத்தில் பிறந்து, ஈப்போ ஆண்டர்சன் பள்ளியில் படித்து, குற்றச் செய்தி நிருபராக வேலைக்குப் போனவர். அவருடைய 'கம்பத்துப் பையன்' சித்திரப் புத்தகம் 1979-ல் வந்தது. ஃபுக்குவோக்கா ஆசியப் பண்பாட்டுப் பரிசு 2002-ல். நடுவில் இருபத்துமூன்று வருடம். இதைப் படித்துவிட்டுப் படிப்பை நிறுத்திவிட்டேன் என்று எனக்குக் கடிதம் போட வேண்டாம்.

நுண்கலை மாணவருக்கு உள்ளதிலேயே பெரிய பரிசு எது?
*(கணக்காளர், ஈப்போ)*

கணக்காளராகவே கேட்கிறீர்கள், அதனால் கணக்காகவே சொல்கிறேன்: முதல் வகுப்புத் தேர்ச்சி. நிபந்தனைகளுக்கு உட்பட்டு பிடிபிடிஎன் கல்விக் கடனைத் திருப்பிக் கட்டாமல் தப்பலாம். நடுவர் குழு இல்லை, திறப்பு விழா இல்லை, பிரமுகர் உரை இல்லை. நிபந்தனைகள் அவ்வப்போது மாறும், மனுப் போடும் வருடத்து விதியைப் பாருங்கள்.

எனக்கு வயது 52. தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பகுதிநேரமாக ஓவியம் படிக்கிறேன். எல்லாப் போட்டியிலும் 'இளம்' என்று போட்டிருக்கிறதே?
*(ஆசிரியை, பீடோர்)*

பிரிட்டனின் டர்னர் பரிசுக்கு ஐம்பதுக்கு மேல் ஆகாது என்று ஒரு விதி இருந்தது. 2017-ல் எடுத்தார்கள். அந்த வருடமே வென்றவர் லுபைனா ஹிமிட், வயது 63. உங்களுக்கு இன்னும் பதினொரு வருடம் இருக்கிறது டீச்சர்.

அந்தக் காலத்துத் தோட்டங்களில் கலைஞர்களுக்கு யாராவது பரிசு கொடுத்திருக்கிறார்களா?
*(ஓய்வுபெற்ற கிராணி, சித்தியவான்)*

பத்து காஜாவில் கெல்லி கோட்டைக்குப் போகிறவர்கள் பக்கத்திலிருக்கும் மாரியம்மன் கோயிலையும் எட்டிப் பாருங்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் துரை மாளிகை கட்ட, தமிழ்த் தொழிலாளர்களை வரவழைத்தார். காய்ச்சல் பரவிப் பலர் இறந்தார்கள். கோயில் வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள், துரையும் சம்மதித்தார். சாமிகளுக்கு நடுவே, வெள்ளைக் கோட்டுச் சூட்டோடு துரைக்கும் கூரையில் ஒரு சிலை வைத்தார்கள். துரை லிஸ்பனில் 1926-ல் இறந்துபோனார், மாளிகை பாதியில் நின்றது, சிலை இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் "கெல்லி எங்கே, கெல்லி எங்கே" என்று அண்ணாந்து பார்க்கிறார்கள். அதைப் பிடித்துவைத்த சுதைக்காரன் யார் என்று கேட்டவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

எங்கள் தோட்டப் பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்தில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. ஓவிய மாணவர்களுக்கு ஒரு பரிசு வைக்கலாமா என்று பேச்சு. எப்படிச் செய்வது?
*(சங்கச் செயலாளர், ஈப்போ)*

இந்தக் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சிறுகதைக்குப் பரிசு, நாவலுக்குப் பரிசு, பேச்சுக்குப் பரிசு, கோலத்துக்கும் பரிசு கொடுக்கிற சமூகம் நம்முடையது. ஓவியம் படிக்கும் பிள்ளைக்கு நாம் கொடுப்பதோ ஒரு வேலை: "தம்பி, ஆண்டுவிழா மேடைக்குப் பின்திரை வரைஞ்சு குடு." கூலி, ஒரு பொட்டலம் பிரியாணி.

கேடயம் வேண்டாம். வருடத்துக்கு ஒரு படத்தை விலைக்கு வாங்குங்கள். கடைசி ஆண்டு படிக்கும் பேராக் மாநிலப் பிள்ளைகளிடம் படம் கேளுங்கள், நியாயமான விலை கொடுங்கள், சட்டம் போட்டு ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் மாட்டுங்கள். வரைந்தவர் பெயரைப் படத்துக்குக் கீழே பெரிதாகவும், கொடுத்தவர் பெயரை அதைவிடச் சின்னதாகவும் போடுங்கள். தேர்ந்தெடுப்பது ஓர் ஓவியராக இருக்கட்டும். சங்கத் தலைவரின் மைத்துனராக இருக்க வேண்டாம். தோட்டத்தைத்தான் வரைய வேண்டும் என்று நிபந்தனையும் வைக்காதீர்கள். வரைகிறவர்கள் தானாக வரைவார்கள்.

பணம் போதாது என்று யாராவது கூட்டத்தில் எழுந்து சொல்வார். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டித்தான் அதில் பங்கு சேர்த்தார்கள், தோட்டத்தையே வாங்கினார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளால் வருடம் ஒரு படம் வாங்க முடியாதா?

முதல் படத்தை எந்த மாதம் வாங்கப்போகிறீர்கள் என்று முடிவெடுத்து எழுதுங்கள். மாணவர்கள் எங்கே அனுப்ப வேண்டும் என்ற விவரத்தை இதே பக்கத்தில், இலவசமாகப் போடுகிறேன்.