விருந்தம்மா

ஜெர்மனியில் பிரெஞ்சு படிக்கிற எட்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில், வசந்த காலத்தில் திடீரென்று ஒரு பெண்மணி அவதாரம் எடுக்கிறாள். மற்ற நாட்களில் அவள் வங்கியில் கணக்குப் பார்ப்பவளாகவோ பல் டாக்டரிடம் உதவியாளராகவோ இருப்பாள். பள்ளிக்கூடத்திலிருந்து அந்தப் படிவம் வந்த நிமிஷம் முதல் அவள் விருந்தம்மா. முன்பின் பார்த்திராத ஒரு பிரெஞ்சுப் பிள்ளைக்குப் பத்து நாள் தாயார்.

படிவத்தில் பெயர், வயது, எது சாப்பிட்டால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, நாய் பூனையென்றால் பயமா, பொழுதுபோக்கு என்ன என்றெல்லாம் கேட்டிருக்கும். பொழுதுபோக்குக்கு எதிரே பையன் ‘இசை, நண்பர்கள்’ என்று எழுதியிருப்பான். உலகத்தில் எந்தப் பதினாலு வயதுப் பையனைக் கேட்டாலும் இதைத்தான் எழுதுவான். விருந்தம்மா அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு ஜாதகமே கணித்துவிடுவாள். “இசைன்னு எழுதியிருக்கான். கூச்ச சுபாவம். தனியாவே இருப்பான், பாவம்.” கூடத்து மூலையில் துணி மடித்து வைக்கப் பயன்பட்டுக்கொண்டிருந்த பியானோவுக்கு ஆள் வரவழைத்துச் சுருதி கூட்டுவாள். வந்து இறங்குகிறவனுடைய இசையெல்லாம் அவன் காதுக்குள்ளேயே செருகியிருக்கும் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

இதற்கெல்லாம் காரணம் இரண்டு பெரியவர்கள். 1870 தொடங்கி எழுபத்தைந்து வருஷத்துக்குள் மூன்று முறை அடித்துக்கொண்ட இரண்டு நாடுகள், இனிமேல் வேண்டாம் என்று 1963 ஜனவரி 22 அன்று பாரிஸில் எலிசே மாளிகையில் ஒப்பந்தம் போட்டன. ஜெர்மனிக்காகக் கையெழுத்திட்ட அடெனாவருக்கு வயது 87, பிரான்சின் தெகோலுக்கு 72. இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு, சிறுசுகளை ஒருவர் வீட்டில் மற்றவர் தங்க வைப்பது என்பது. அதே வருஷம் ஜூலையில் அதற்கென்று இரு நாட்டுக்கும் பொதுவாக ஓர் இளைஞர் அலுவலகம் திறந்தார்கள். இதுவரை 90 லட்சம் பேருக்கு மேல் அதன் தயவில் எல்லை தாண்டியிருக்கிறார்கள். எண்பத்தேழு வயதுக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். படுக்கை விரிப்பைத் துவைக்கப்போவது யார் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி கிடையாது.

நான் குடியிருக்கும் லுட்விக்ஸ்பர்க் இந்த விஷயத்தில் கொஞ்சம் தலைக்கனம் பிடித்த ஊர். ஒப்பந்தத்துக்கு முந்தைய வருஷம், 1962 செப்டம்பர் 9 அன்று, இங்கே அரண்மனை முற்றத்தில் நின்றுதான் தெகோல் ஜெர்மன் இளைஞர்களைப் பார்த்து ஜெர்மன் மொழியிலேயே பேசினார். அதற்கும் முன்பாக 1950இலேயே இந்த ஊர் பிரான்சின் மோன்பெலியாருடன் இரட்டை ஊர் உறவு வைத்துக்கொண்டது. இரு நாட்டு ஊர்களுக்கிடையே அப்படி ஏற்பட்ட முதல் சம்பந்தம் அது. பெற்றோர் கூட்டத்தில் பிரெஞ்சு ஆசிரியை இந்தச் சரித்திரத்தை வருஷம் தவறாமல் சொல்வார். மற்றவர்கள் மேசைக்கு அடியில் போனைத் தடவிக்கொண்டிருக்க, விருந்தம்மா மட்டும் குறிப்பெடுப்பாள். வீட்டுக்குத் திரும்பும்போது ஐரோப்பாவின் அமைதி முழுதும் தன் வீட்டு மாடி அறையில் வந்து நிற்பதாக அவளுக்குத் தோன்றிவிடும்.

அப்புறம் வீடு, பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி ஆகிவிடும். திரைச்சீலை கழற்றப்படும். குளியலறைக் குழாய் பளபளக்கும். எண்பதுக்கு எண்பது சென்டிமீட்டர் ஜெர்மன் தலையணை பிரெஞ்சுக் கழுத்துக்கு ஒத்து வருமா என்று கணவனிடம் ஆலோசனை நடக்கும். கழுத்து எல்லா நாட்டிலும் ஒன்றுதானே என்பான் அவன். அன்றிலிருந்து அவனிடம் எதையும் கேட்பதில்லை. பரணிலிருந்து அவளுடைய பழைய பள்ளிக்கூடத்து பிரெஞ்சுப் பாடப்புத்தகம் இறங்கும். பாத்திரம் துலக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் உதடு அசைந்துகொண்டே இருக்கும். தெரியாதவர்கள் ஜெபம் செய்கிறாள் என்று நினைப்பார்கள்.

இந்தப் பதற்றத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சரித்திரத்தில் சேர்க்க முடியாது. போன இலையுதிர் காலத்தில் இவள் மகள் மோன்பெலியாரில் அந்தப் பையன் வீட்டில் தங்கிவிட்டு வந்தாள். வந்தவள், “ராத்திரி எட்டு மணிக்குச் சுடச்சுடச் சாப்பாடும்மா. முதல்ல ஒண்ணு, அப்புறம் இன்னொண்ணு, சீஸ் தனியா, கடைசியில இனிப்பு. தினமும்!” என்று சொல்லிவைத்தாள். அந்த ‘தினமும்’ இவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கிடக்கிறது.

பஸ் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்து சேரும். பள்ளி வண்டி நிறுத்தத்தில் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு விருந்தம்மாக்கள் வரிசையாக நிற்பார்கள். பையன் இறங்கியதும் இவள் கையை நீட்டுவாள். அவன் தன் ஊர் வழக்கப்படி கன்னத்தை நீட்டுவான். அதற்குள் இவள் பிரெஞ்சு வழக்கம் நினைவுக்கு வந்து கன்னத்தைக் கொடுக்க, அவன் ஜெர்மன் வழக்கம் நினைவுக்கு வந்து கையை நீட்ட, அவன் விரல் இவள் விலாவில் குத்தும். பக்கத்தில் நிற்கும் மகள் இந்த வம்சத்தில் ஏன் பிறந்தோம் என்று ஆகாயத்தைப் பார்ப்பாள்.

இவளுடைய பாடப்புத்தகம் மரியாதை தெரிந்த புத்தகம். கடைக்காரர், போலீஸ்காரர், ரயில் நிலைய அதிகாரி இவர்களிடம் பேசத்தான் அது சொல்லிக்கொடுத்திருக்கிறது. ஆகவே மூக்குக்குக் கீழே இப்போதுதான் பூனைமுடி அரும்பும் பையனிடம், “தாங்கள் பல் துலக்கிவிட்டீர்களா? தங்கள் அழுக்குச் சட்டையைத் தயவுசெய்து அடியேனிடம் தர இயலுமா?” என்கிற தோரணையில்தான் அவளால் பேச முடியும். அவன் எல்லாவற்றுக்கும் ‘வுய்’, அதாவது ஆமாம், என்பான். பசிக்கிறதா? வுய். பசிக்கவில்லையா? வுய். குளிர்கிறதா, புழுக்கமாக இருக்கிறதா? வுய். இப்படிப்பட்டவனிடம் பேசுவதற்கு எதிர்ப்பதம் எதற்குப் படித்தோம் என்று இவளுக்கே சந்தேகம் வந்துவிடும்.

முதல் நாள் இரவுச் சாப்பாடுதான் பெரிய கண்டம். ஜெர்மன் குடும்பங்களில் வழக்கமாக இரவில் அடுப்பு பற்றவைப்பதில்லை. ஆறரை மணிக்கு மேசையில் கறுப்பு ரொட்டி, சீஸ் துண்டு, பன்றித்தொடைச் சீவல், ஊறுகாய் வெள்ளரி, முள்ளங்கி எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவ்வளவுதான் சாப்பாடு. பையன் இரண்டு துண்டு ரொட்டி நாகரிகமாகச் சாப்பிட்டுவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருப்பான். இது முன்னோட்டம், மெயின் படம் இனிமேல்தான் என்று அவன் நினைப்பு. அவன் எழுந்திருக்காததைப் பார்த்து இவள், பிள்ளைக்குப் பசி அடங்கவில்லை என்று இன்னும் இரண்டு துண்டு வைப்பாள். வைத்ததை மறுக்கக்கூடாது என்று சொல்லி வளர்த்த பிள்ளை, அதையும் தின்றுவிட்டுக் காத்திருப்பான். அவன் காத்திருக்கக் காத்திருக்க இவள் வைப்பாள், இவள் வைக்க வைக்க அவன் காத்திருப்பான். ராஜதந்திரப் பயிற்சி இல்லாத மகள் கடைசியில் போனிலிருந்து தலையைத் தூக்காமல் ஆங்கிலத்தில் “இதோட முடிஞ்சுது. இனிமே ஒண்ணும் வராது” என்பாள். அதைக் கேட்டு அவன் முகத்தில் தோன்றும் பாவத்தை விருந்தம்மா ஆயுசுக்கும் மறக்கமாட்டாள்.

மறுநாள் பரம்பரை வழக்கத்தை உதறிவிட்டு ராத்திரியில் அடுப்பு மூட்டுவாள். இந்தப் பக்கத்து ஷ்வேபியர்களின் மௌல்டாஷென் தயாராகும். மாவுக்குள் இறைச்சியும் கீரையும் வைத்து மூடிச் சூப்பில் வேகவைக்கிற பதார்த்தம் அது. அதற்கு ஒரு கதையும் உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் இறைச்சி கூடாது என்பதால், கடவுள் கண்ணில் படாதபடி துறவிகள் அதை மாவுக்குள் ஒளித்து வைத்தார்களாம். சமைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். கதையையும் பிரெஞ்சில் சொல்ல ஆரம்பிப்பாள். இறந்தகாலம், துறவி, தவக்காலம், ஒளித்து வைத்தல் நான்கும் ஒரே வாக்கியத்தில் வந்து மோத, துறவியை இறைச்சிக்குள் கடவுள் ஒளித்து வைத்ததாக அது வெளியே வரும். பையன் முள்கரண்டியை மெல்லக் கீழே வைத்துவிடுவான்.

குப்பையிலும் இதே கதைதான். தயிர் தின்றுவிட்டுக் காலிக் கோப்பையோடு பையன் சமையலறையில் திகைத்து நிற்பான். அங்கே உயிர்க்குப்பைக்கு ஒன்று, காகிதத்துக்கு ஒன்று, பிளாஸ்டிக்குக்கு ஒன்று, எதிலும் சேராததற்கு ஒன்று என்று தொட்டிகள் வரிசையாக இருக்கும். குடித்த பிளாஸ்டிக் பாட்டிலைத் தூக்கி எறிந்துவிட்டால் 25 சென்ட் போச்சு, கடையில் திருப்பிக்கொடுக்க வேண்டும். கண்ணாடியை வெள்ளை, பச்சை, பழுப்பு என்று நிறம் பிரித்துத் தெருமுனைத் தொட்டியில் போட வேண்டும், அதுவும் சத்தம் கேட்கும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை கூடாது. மூடியைப் பிய்த்துவிட்டுக் கோப்பையைப் போடு என்று வீட்டில் ஆளுக்கு ஆள் கத்துவார்கள். பையன் அன்றோடு தயிரை விட்டுவிடுவான்.

பொழுது விடிந்தால் இவள் அவன் அறையில் நுழைந்து ஜன்னலை விரியத் திறந்து ஐந்து நிமிஷம் வைப்பாள். வெளியே நான்கு டிகிரி. மரக்கதவு சாத்திய கும்மிருட்டில் தூங்கிப் பழகியவன் போர்வையோடு எழுந்து நின்று, தீ எங்கே என்று பார்ப்பான்.

இதற்கிடையில் யாருக்காக இந்த ஏற்பாடெல்லாம் நடக்கிறதோ அந்தப் பிள்ளைகள் என்ன செய்கின்றன? சோபாவின் இரண்டு முனையில் கால் நீட்டிக்கொண்டு ஆளுக்கொரு போனில் இருக்கின்றன. பேச வேண்டியது வந்தால் ஆங்கிலத்தில் பேசிக்கொள்கின்றன. ஒரே வீடியோவைப் பார்த்து ஒரே நேரத்தில் சிரிக்கின்றன. அவர்களுக்குள் பரிமாறிக்கொள்ள அதிகம் பாக்கி இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ‘உன் அம்மா உன்னைத் தேடமாட்டாளா’ என்பதற்கு வினைச்சொல் தேடிக்கொண்டிருப்பவள் இவள்தான். அந்தப் பெரியவர்கள் இருவரும் போட்ட திட்டத்தில் உண்மையில் சேர்ந்து படிக்கிறவள் வயது நாற்பத்தாறு, பெயர் வருகைப் பதிவேட்டில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

வார இறுதியைக் குடும்பங்களிடம் விட்டுவிடுவார்கள். விருந்தம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் அப்போதுதான் போர் மூளும். “நாங்க ரூஸ்ட்டில ஐரோப்பா பார்க்.” “நாங்க போடன்ஸீ ஏரி.” “எங்க பொண்ணு ரெண்டு தட்டு சாப்பிட்டா.” தோற்றுப்போக மனமில்லாத நம் விருந்தம்மா, ஸ்டுட்கார்ட்டில் மெர்சிடிஸ் அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் எடுப்பாள். பெஜோ கார் பிறந்த மண்ணிலிருந்து, தெருவில் பாதிப் பேருக்கு அந்தப் பெஜோவில்தான் வேலை என்கிற ஊரிலிருந்து வந்த பையன், வெளிநாட்டு மந்திரி போல முகத்தை வைத்துக்கொண்டு மாடி மாடியாக இறங்கிவருவான். எப்படியிருந்தது என்பாள். வுய்.

அவளுக்கு உள்ளூரக் குமைச்சல் எல்லாம் கணவன்மீதுதான். அவனுக்குத் தெரிந்த பிரெஞ்சு ‘போன்ஜூர்’ ஒன்றுதான். படுக்கப்போகும்போதும் அதையே சொல்வான். பையனிடம் எதுவும் கேட்பதில்லை. சனிக்கிழமை பின்கட்டில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயினுக்கு எண்ணெய் விடுவான். பையன் போய்ப் பக்கத்தில் குந்துவான். இரண்டு மணி நேரம் ஸ்பேனர் கை மாறும் சத்தம் மட்டும் கேட்கும். திரும்பி உள்ளே வரும்போது இரண்டு பேரும் பால்ய சிநேகிதர்கள். சமையலறை ஜன்னல் வழியாக இவள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள், கையில் வினைச்சொல் அட்டவணையோடு.

ஆனால் பையன் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, பெட்டி அடியிலிருந்து அவன் அம்மா கொடுத்தனுப்பிய பொட்டலத்தை எடுத்து வருவான். கொடுக்கக் கூச்சப்பட்டு வைத்திருந்தானாம். கொம்தே சீஸ், புகையூட்டிய மோன்பெலியார் தொத்திறைச்சி, கான்குவாயோத் என்று கோந்து மாதிரி இழுபடும் ஒரு டப்பா. அத்தனை நாளும் மாடி அறையில் என்ன நாற்றம் என்று ஜன்னலைத் திறந்து திறந்து தேடியவளுக்கு விடை கிடைத்துவிடும். அன்றிரவு அவனே அடுப்படியில் நின்று, உருளைக்கிழங்கு வேகவைத்து அந்த டப்பாவை உருக்கி ஊற்றிக் கொடுப்பான். அவன் தாராளமாகப் பேச, இவள் ‘வுய், வுய்’ என்று தலையாட்டிக்கொண்டே இருப்பாள்.

புறப்படும் நாள் காலையில் பிள்ளைகள் தோளில் தட்டிக்கொள்ளும். அவ்வளவுதான், போனில் இருக்கிறோமே, எதற்கு அழ வேண்டும்? அழுவது விருந்தம்மாக்கள். பஸ்ஸுக்குள் ஏறி இருக்கை வரை போய்ச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்துவிட்டு இறங்க மனமில்லாமல் நிற்கும் ஒருத்தியை ஆசிரியை கையைப் பிடித்து இறக்கிவிட வேண்டியிருக்கும். உள்ளே என்ன கொடுத்திருக்கிறாள்? ரொட்டி.

அடுத்த பள்ளி ஆண்டில் மகள், பிரெஞ்சு போர் அடிக்கிறது, எப்போது விடலாம் என்று கேட்பாள். “உன் இஷ்டம்” என்பாள் அம்மா, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. செவ்வாய்க்கிழமை மாலைகளில் அவளுக்கு முதியோர் கல்வி நிலையத்தில் பிரெஞ்சு வகுப்பு. முதல் நாள் உள்ளே நுழைந்தால் பாதி அறை பஸ் நிறுத்தத்து முகங்கள். ஆசிரியர் ஒவ்வொருவரையும், நன்றாகத் தெரிந்த ஒரு வாக்கியம் சொல்லச் சொல்வார். உச்சரிப்பில் ஒரு பிசிறு இல்லாமல், ஒருத்தி மாற்றி ஒருத்தி கேட்பார்கள்:

“தாங்கள் இன்னும் கொஞ்சம் ரொட்டி எடுத்துக்கொள்கிறீர்களா?”