பிளாட்பாரத்து ரோலக்ஸ்

கேள்வி: பாரிமுனை பிளாட்பாரத்தில் 600 ரூபாய்க்கு ஒரு 'ரோலக்ஸ்' வாங்கினேன். எத்தனை வருஷம் உழைக்கும்? (ஒரு வாசகர், செங்கல்பட்டு)

பதில்: உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் மெஷினைச் சும்மா சொல்லக் கூடாது. நொடிக்கு 32,768 முறை அதிர்ந்து நேரத்தை ஒழுங்காகவே காட்டும். முதலில் பல்லிளிப்பது முலாம்தான். சித்திரை வியர்வையில் மணிக்கட்டு பச்சை பூத்துவிடும். பின்மூடியில் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்றிருப்பதை நம்பிக் கைகூடக் கழுவாதீர்கள், கண்ணாடிக்குள் மூடுபனி இறங்கும். பேட்டரி தீர்ந்தால் உடனே கழற்றிவிடுங்கள். கசிந்தால் மெஷினையே தின்றுவிடும்.

இன்னொன்று: இன்றைய அசல் ஆட்டோமேட்டிக் ரோலக்ஸ்களில் பெரும்பாலானவற்றில் நொடிமுள் நொடிக்கு 8 தடவை நகர்வதால் வழுக்கிக்கொண்டு போகும். உங்களுடையது நொடிக்கொரு குதி குதிக்கும். கல்யாண வீட்டில் யாராவது மணி கேட்டால், செல்போனை எடுத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.