பெட்டி இருக்கு, படத்தைக் காணோம்

அருப்புக்கோட்டையில் டிரெடில் மெஷின் ஓடிய காலத்தில் படம் என்றால் பிளாக். எழுத்துக் கோத்து முடித்ததும், துத்தநாகத் தகடு அறைந்த மரக்கட்டையைக் கம்பாசிட்டர் நடுவில் வைத்து முடுக்குவார். பிள்ளையாருக்கு ஒரு கட்டை, குத்துவிளக்குக்கு ஒரு கட்டை. எல்லாக் கல்யாணத்துக்கும் அதே பிள்ளையார்தான். தும்பிக்கை தேய்ந்தும் அவருக்கு ஓய்வில்லை. ஆள் படம் வேண்டுமென்றால் போட்டோவை மதுரைக்குக் கொடுத்தனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

பிறகு பேஜ்மேக்கர் வந்தது. இனி கட்டையைத் தேடி அலைய வேண்டாம் என்று பெருமூச்சு விட்டோம். பெரிய படத்தைப் பக்கத்தில் வைத்தால் திரையில் ஒரு கேள்வி எழும்: முழுப் படத்தையும் இந்தக் கோப்புக்குள்ளேயே சேர்க்கவா? ஊரிலுள்ள டிடிபி சென்டர்களில் பழக்கமான பதில் 'நோ'. பிளாப்பி கொள்வது 1.44 எம்பி; வேறென்ன சொல்ல? ஆகவே கோப்புக்குள் தங்கியது திரைக்கான மங்கல் நகலும், படம் எந்த டிரைவில் எந்த போல்டரில் என்ற விலாசமும்தான். மழை பொய்த்து திருப்பூருக்குக் குடிபோன வீட்டின் விலாசம் மாதிரி.

இப்போது திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறார்கள். "பன்னெண்டு வருஷமாச்சு அண்ணாச்சி, மறுபடி கும்பாபிஷேகம். பழைய மலர்ல வருஷத்தை மட்டும் மாத்திக் குடுங்க."

பேஜ்மேக்கர் 2001-ல் வந்த 7.0-உடன் நின்றுபோனது. அதன் கோப்பை இன்டிசைன் சிஎஸ்6 வரை திறக்கலாம். பின்னால் வந்தவை ஏறிட்டும் பார்ப்பதில்லை. அதற்காகவே கிழட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றைச் சாகவிடாமல் வைத்திருக்கிறோம். திறந்தால் லிங்க்ஸ் பட்டியல் முழுக்கச் சிவப்புக் கேள்விக்குறி. மூலவர், உற்சவர், திருப்பணிக் குழுத் தலைவர் எல்லோரும் 'காட்ஸ்' என்ற போல்டரில் இருந்தவர்கள். அந்த ஹார்ட் டிஸ்க் எந்தக் கோடையின் வோல்டேஜ் ஆட்டத்தில் போனதோ.

போல்டர் கிடைத்தால் வேலை சுளுவு. ஒரு படத்துக்கு ரீலிங்க் கொடுத்து, இதே போல்டரில் மற்றதையும் தேடு என்று டிக் அடித்தால் போதும். வேர்டு கோப்பு இன்னும் சாது: 2007-க்குப் பிந்தைய கோப்பின் பெயர் வாலை 'ஜிப்' என்று மாற்றித் திறந்தால், உள்ளே சேர்த்த படமெல்லாம் 'மீடியா' போல்டரில் இருக்கும். சில சமயம் படம் எங்கும் போயிருக்காது. ஆப்ஷன்ஸில் 'பிக்சர் பிளேஸ்ஹோல்டர்' டிக்கை எடுத்தால் வந்துவிடும். அதற்குக் காசு வாங்கக் கை கூசும்; வாங்கிக்கொள்வதுதான்.

திருச்சுழியில் 1879-ல் பிறந்த ரமணர் காணாமல் போனால் கவலையில்லை, அவர் படம் எங்கும் கிடைக்கும். கிராமத்து மூலவருக்கு அந்த ஒரே படம்தான். அப்போது யார் வீட்டு பீரோவிலாவது இருக்கும் பழைய மலரைத் தேடிப் பிடித்து ஸ்கேன் செய்ய வேண்டும். அச்சின் புள்ளிகள் ஸ்கேனரோடு மோதி, சாமி முகத்தில் கட்டம் கட்டமாகக் கோலம் விழும். 'டிஸ்கிரீன்' போட்டால் கோலம் அழியும், கூடவே கண்ணின் கூர்மையும் கொஞ்சம் அழியும். கம்ப்யூட்டர் தொலைத்ததைக் காகிதம்தான் திருப்பித் தருகிறது.

திருப்பணித் தலைவர் படத்தை மட்டும் தேட வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆள் மாறிவிட்டாராம். புதியவர் படம் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. அட்டை அளவுக்குப் பெரிதாக்கினால் மீசையும் உதடும் ஒன்றாகிவிடுகின்றன.

"நல்லாத்தானே இருக்கு அண்ணாச்சி, போட்டுருங்க."