கரண்டி செதுக்கப் போகிறவர்

ஈப்போவில் பணி ஓய்வு பெற்ற தமிழர்களுக்குள் ஓர் இனம் உண்டு. ஊழியர் சேம நிதிப் பணம் கையில் விழுந்த ஆறாவது மாதத்தில் இவரை அடையாளம் கண்டுகொள்ளலாம். கோயில் நிர்வாகத் தேர்தலில் நிற்கமாட்டார். அரசியல் பேசமாட்டார். பேரப்பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டுக் கோப்பிக் கடையில் உட்கார்ந்தால், வெள்ளை காப்பி ஆடை படிந்து ஆறிப்போகும்வரை கைப்பேசியில் உளி பார்த்துக்கொண்டிருப்பார். கதவு நிலை செய்யும் தச்சு உளி அல்ல; மரக்கரண்டி குடையும் உளி. ஸ்வீடனிலிருந்து கொக்கிக் கத்தி, சுவிட்சர்லாந்திலிருந்து குழி உளிகள், ஞாயிறு காலைப் பழஞ்சாமான் சந்தையில் பேரம் பேசி வாங்கிய, பிடி உளுத்த ஷெஃபீல்டு உளி என்று பன்னிரண்டு உருப்படிகள் தோல் உறையில் வரிசையாகச் சொருகப்பட்டிருக்கும். இதுவரை கரண்டி ஒன்றும் பிறக்கவில்லை. ஆகவே இவரைக் கரண்டி செதுக்குகிறவர் என்பது அவசரப்பட்ட பேச்சு. கரண்டி செதுக்கப் போகிறவர் என்பதே துல்லியம். "ஏழாம் நம்பர் மட்டும் வந்துறட்டும், ஆரம்பிச்சிடலாம்" என்பார். ஏழாம் நம்பர் வரும். வந்த அன்றே அது நேர்த்தண்டு ஏழு என்பதும், தமக்கு வேண்டியது வளைதண்டு ஏழு என்பதும் அவருக்குத் தெரியவரும்.

வீட்டம்மா இதை வீண்செலவு என்கிறார். பிள்ளைகள் பொழுதுபோக்கு என்கிறார்கள். கோப்பிக் கடை நண்பர்கள் வேறொரு சொல் வைத்திருக்கிறார்கள். அதை அச்சில் ஏற்ற முடியாது. மூன்று தரப்பும் தவறு. இவர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். அதைக் காட்ட வேண்டுமானால், ஒரு கரண்டிக்கு உண்மையில் என்ன தேவை என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

தேவை மிகக் குறைவு. கரண்டிக்கு இரண்டே முகங்கள்: வெளியே முதுகு, உள்ளே குழி. முதுகையும் காம்பையும் ஒரு நேர்க்கத்தி பார்த்துக்கொள்ளும். ஸ்வீடனின் மோரா கத்திகளில் 106, 120 என்ற எண்கள் கொண்டவை இந்த வேலைக்கென்றே உலகம் முழுக்கப் புழங்குகின்றன. குழியை மட்டும் நேர் விளிம்பால் தோண்ட முடியாது; தட்டை உளியின் மூலைகள் இரண்டும் மரத்தில் குத்தி நின்றுவிடும். அதற்கு வளைந்த விளிம்பு ஒன்று வேண்டும், கொக்கிக் கத்தியோ குழி உளியோ ஏதேனும் ஒன்று. மரத்தைக் கரண்டியின் பருமனுக்குக் குறைக்க ஒரு கைக்கோடாலி. வீட்டில் பாராங் இருந்தால் அதுவும் வேண்டாம். கணக்கு முடிந்தது. ஆனால் கணக்கு இப்படிச் சட்டென்று முடிந்துபோவது நம்மவருக்குப் பிடிக்காது. குழி உளிகளுக்கு எண் உண்டு என்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார். ஷெஃபீல்டு வரிசையில் 1 தட்டை உளி, 2 சாய்வு உளி, 3 லேசான வளைவு, 9 ஏறக்குறைய அரைவட்டம், 11 ஆழமான ஓடை. எண் வளைவைச் சொல்லும், மில்லிமீட்டர் அகலத்தைச் சொல்லும். கரண்டிக் குழிக்கு 7 அல்லது 8, அகலம் 14 முதல் 20 மில்லிமீட்டருக்குள். தண்டு வளைந்திருந்தால் நல்லது, குழியின் அடியைத் தொடும்போது கரண்டியின் உதட்டில் இடிக்காது. இவ்வளவும் பத்து நிமிடப் பாடம். இந்த இடத்தில் நின்றிருந்தால் அவர் இன்று கரண்டி செய்துகொண்டிருப்பார். சுவிஸ் உளிகளின் எண்வரிசை ஷெஃபீல்டு வரிசையோடு அப்படியே பொருந்தாது என்ற செய்திதான் அவரைக் கவிழ்த்தது. அங்கே ஏழு, இங்கே ஏழு அல்ல. இரண்டு பாடத்திட்டம்! தச்சர் எவரும் இதைக் கேட்டால் தலையில் கை வைத்துக்கொள்வார். நம்மவருக்கோ முகம் மலர்ந்தது. இரண்டுக்கும் ஒப்பீட்டு அட்டவணை தயாரித்து, அடிக்கோல் வைத்துக் கோடு கிழித்து, சிவப்பு மையில் தலைப்பு எழுதி, சமையலறைக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறார்.

அந்தச் சிவப்பு மைத் தலைப்பில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. இவர் சுங்கை சிப்புட்டிலோ சுங்காயிலோ ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அம்மாவும் அப்பாவும் பால்மரம் வெட்டியவர்கள். விடியுமுன் பெரட்டில் நின்று பெயர் கொடுத்துவிட்டு, நெற்றி விளக்கோடு மரக்காட்டுக்குள் நுழைந்தவர்கள். அந்த வீட்டில் நல்ல கத்தி ஒன்று இருந்தது. பிள்ளை அதைத் தொட்டால் அடி விழும். விரல் வெட்டிக்கொள்வான் என்ற பயம் பாதிதான். "நாங்க பிடிச்சது போதும், நீ பேனாவப் பிடி" என்பது மீதிப் பாதி. தோட்டத்தை விட்டு வெளியேற அந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தெரிந்த வழி பரீட்சை: முதலில் எஸ்.ஆர்.பி., பிறகு எஸ்.பி.எம். அதிலும் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தவர் நேரே படிவம் ஒன்றுக்குப் போய்விடவில்லை. நடுவில் புகுமுக வகுப்பு என்று ஓராண்டு உட்கார்ந்தார். தொடங்குவதற்குத் தயாராவதற்கென்றே முழுதாக ஓர் ஆண்டு! பன்னிரண்டு வயதில் இதைக் கற்றவர் அறுபது வயதில் கரண்டி செய்ய ஆசைப்பட்டால் என்ன செய்வார்? தம்மைத் தாமே புகுமுக வகுப்பில் சேர்த்துக்கொள்வார். சான்றுகள் வேண்டுவோர் அவர் அலமாரியைத் திறந்து பார்க்கலாம். உளி வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக்கூட அவர் தூக்கிப்போடவில்லை. பிடியில் ஒட்டிவந்த நிறுவனச் சீட்டை உரிக்கவில்லை. விலை நூறு வெள்ளியைத் தாண்டிய உளிகளின் ரசீதுகளை பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிறப்புப் பத்திரமும் எஸ்.பி.எம். சான்றிதழும் இருக்கிற அதே கோப்பில் சேர்த்திருக்கிறார். கரண்டி செய்கிற இன்னொருவரை எங்காவது சந்தித்தால் கரண்டியைக் காட்டச் சொல்லிக் கேட்பதில்லை. "எட்டாம் நம்பரா? ஷெஃபீல்டு எட்டா, சுவிஸ் எட்டா?" என்று வாய்மொழித் தேர்வு வைப்பார்.

இந்த இடத்தில் அவர் சார்பாக வாதாட வருகிறவர்கள் உண்டு. மட்டமான கருவி கையைக் கிழிக்கும், நல்லதாக வாங்கினால் என்ன தப்பு என்பார்கள். உண்மைதான், மழுங்கிய விளிம்பு மரத்தில் ஏறாமல் வழுக்கிக் கட்டைவிரலில் ஏறும். ஆனால் மழுங்கலுக்கு மருந்து தீட்டுக்கல், பதின்மூன்றாவது உளி அல்ல. நம்மவர் புதிதாக வாங்கிய உளிகள் எல்லாம் தொழிற்சாலையில் பிறந்த கூர்மையோடு அப்படியே இருக்கின்றன. மழுங்குவதற்கு அவற்றுக்கு அவர் இன்னும் சந்தர்ப்பம் கொடுக்கவில்லை. ஈப்போக் காற்றின் ஈரத்தில் கார்பன் எஃகு துருப்பிடிக்காமல் இருக்க மாதம் ஒருமுறை எண்ணெய் பூசுகிறார் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

இன்னும் கெட்டிக்காரர்கள் பெரம்பலூர்ப் பக்கம் போவார்கள். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூர் மரச்சிற்பிகளிடம் உளிகள் வரிசை வரிசையாக இருக்கவில்லையா? கிளந்தானிலும் திரெங்கானுவிலும் மரம் குடையும் மலாய்ச் சிற்பிகள் பாஹாட் கூக்கூ என்ற நகவடிவ உளியைப் பல அளவில் வைத்திருக்கவில்லையா? வைத்திருக்கிறார்கள். அவர்கள் மயிலின் தோகைக்குக் கண் வைக்க வேண்டும், அம்மனின் உதட்டில் சிரிப்பு வரவழைக்க வேண்டும், கொடியும் இலையும் பலகையில் படர வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் அதற்கேற்ற விளிம்பு வேண்டும் என்பது அங்கே நியாயம். சாம்பார் கரண்டிக்கு உதட்டில் சிரிப்பு வேண்டாம். தவிர, நம் பாட்டிகள் இந்தக் குழி விவகாரத்தை ஒரேயடியாகத் தீர்த்துவைத்திருந்தார்கள். குடைகிற வேலையைத் தென்னையிடம் விட்டார்கள். சிரட்டையில் இரண்டு துளை, அதில் மூங்கில் காம்பு, அகப்பை தயார். சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்று சொன்னவர்கள் அகப்பை எந்த எண் என்று கேட்கவில்லை.

மரம் சரியில்லை என்ற வாதத்துக்குத்தான் கொஞ்சம் மரியாதை கொடுக்கலாம். ஸ்வீடன்காரர் வெட்டிய ஈரம் காயாத பிர்ச் மரத்தில் செதுக்குகிறார். கத்தி சுலபமாக இறங்குகிறது. பேராக்கில் கையெட்டும் மரம் ரப்பர். இருபத்தைந்து முப்பது ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்ததும் வெட்டிச் சாய்ப்பார்கள். ஒரு காலத்தில் அடுப்புக்கும் கரிமூட்டத்துக்கும் போனது, பிறகு தளவாடத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. வெட்டிப் போட்ட சில நாள்களிலேயே நீலப் பூஞ்சை பிடிக்கும், வண்டு துளைக்கும். அதனால்தான் ஆலைகளில் போரான் மருந்தை அழுத்தி ஏற்றிச் சூளையில் உலர்த்துகிறார்கள். நம்மவர் அந்த உலர்ந்த பலகையை வாங்கி, ஏழாம் நம்பரை வைத்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, அது எதிர்த்து நின்றதும், "இதுக்கு எட்டுதான் சரிப்படும்" என்று கைப்பேசியை எடுத்துவிட்டார். கொல்லையில் வீட்டம்மா கழித்துப் போட்ட ரம்புத்தான் கிளை ஈரத்தோடு கிடந்தது. பச்சை மரத்தில் செதுக்கி, நிழலில் மெதுவாக உலரவிடுவதுதான் அவர் படித்த ஸ்வீடன் முறையே. ஆனால் ரம்புத்தான் எந்தப் பாடநூலிலும் இல்லை.

எல்லா வாதங்களையும்விடக் கனமானது எதிர்த்தரப்பில் அவருடைய அம்மாவின் கத்தி. 1877-இல் கோலகங்சாரில் ரெசிடென்ட் ஹியூ லோ நட்ட ரப்பர் கன்றுகளிலிருந்து தொடங்கிய கதை இது. அந்தப் பழைய நடவின் மரம் ஒன்று அங்கே மாவட்ட அலுவலகத்தின் அருகில் இன்னும் நிற்கிறது. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் ஒரே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து பால் எடுக்கும் முறையைப் பக்குவப்படுத்தினார். முறை அவருடையது, கை தோட்டத்துப் பெண்களுடையதும் ஆண்களுடையதும். நுனி மடங்கிய அந்தக் கத்தியால் ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையைச் சீவ வேண்டும். பால் குழாய்கள் அடர்ந்திருப்பது பட்டையின் உட்பக்கத்தில். அதற்கும் உள்ளே வளர்படலம், அதைத் தாண்டினால் கட்டை. படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் இப்பால் கத்தி நிற்க வேண்டும். மேலோடு நின்றால் பால் குறையும், கங்காணி கத்துவார். உள்ளே இறங்கினால் மரத்தில் காயம், புதிதாக வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாக வரும், கங்காணி இன்னும் உரக்கக் கத்துவார். இருட்டில், கொசுக்கடியில், ஒரு காலைக்குள் ஐந்நூறு மரம். ஒரு கத்தி, ஒரு தீட்டுக்கல். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் செதுக்குகிற எந்தச் சிற்பிக்கும் குறையாத கை அது. அந்தக் கைக்கு எண் கொடுத்து அட்டவணை போட யாருக்கும் தோன்றவில்லை.

இதற்கு நம்மவர் தரும் பதில் தயாராக இருக்கிறது, சரியாகவும் இருக்கிறது: பால் வெட்டும் கத்தி பட்டைக்கு உரியது, அதைக் கொண்டு கரண்டி குடைய முடியாது. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். கத்தியின் வளைவும் வேறு, வேலையும் வேறு. அம்மாவின் திறமை முழுவதும் கட்டையைத் தொடாமல் இருப்பதில் இருந்தது. மகன் தொட வேண்டியதோ கட்டையை மட்டும்தான். அப்படிப் பார்த்தால், பன்னிரண்டு உளியை வைத்துக்கொண்டு இத்தனை காலமாக ஒரு மரத்திலும் காயம் படாமல் பார்த்துக்கொண்டவரை எந்தக் கங்காணியும் குறை சொல்லியிருக்கமாட்டார்.

பேராக்கில் முடியாத வேலைக்கு மரியாதை குறைவு என்றும் சொல்ல முடியாது. பத்து காஜா அருகே ரப்பர் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் தொடங்கிய மாளிகை, 1926-இல் அவர் லிஸ்பனில் கண் மூடியதும் பாதியில் நின்றது. இன்றுவரை டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். கட்டி முடித்திருந்தால் பத்தோடு பதினொன்றாக ஒரு துரை பங்களா.

அண்மைக் காலமாக நம்மவர் அடுத்த படிவத்துக்கு ஏறியிருக்கிறார். தீட்டுக்கல்லுக்கும் எண் உண்டு: 400, 1000, 3000, 8000. தட்டைக் கல்லில் குழி உளியின் உட்பக்கத்தைத் தீட்ட முடியாது, அதற்கு வளைந்த கல் தனி. கடைசியில் பச்சைப் பசை தடவிய தோல் பட்டை. புதிய அட்டவணை போடக் குளிர்ப்பெட்டிக் கதவில் இடமில்லை என்பதால் மீன் வாங்க வேண்டிய பட்டியல் கிழித்தெறியப்பட்டது. வீட்டம்மாவும் பொறுத்துப் பார்த்தார். "என்னங்க, ரசம் கலக்கறதுக்கு ஒண்ணே ஒண்ணு செஞ்சி குடுங்களேன்" என்று தீபாவளிக்கு முன்பே கேட்டுவைத்திருந்தார். பொங்கலும் போயிற்று. பிறகு கடைக்குப் போய், ஐந்து வெள்ளிக்கு இயந்திரத்தில் கடைந்த ரப்பர் மரக்கரண்டி ஒன்றை வாங்கிவந்து மேசையில் போட்டார். நம்மவர் கோபப்படவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கரண்டியை வெளிச்சத்தில் சாய்த்து, குழியை விரலால் தடவி, அட்டவணையோடு இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்தார்.

"எட்டு," என்றார். "சுவிஸ் எட்டு. ஆறா இருந்திருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன்."